சக்கரத்துக்கு மேல் ஒரு கைப்பிடி இடம்

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நான் எழுதிய மாற்றல் கடிதத்தில், காரணம் கேட்ட இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: தோட்டச் சாலையில் கார் ஓட்டும் அளவுக்கு எனக்குத் திறமை போதவில்லை. கடிதம் மலாயில் என்பதால் பிழை பார்க்கச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தார். அந்த வரிக்கு வந்ததும் அவர் கண் சற்று நேரம் நகரவில்லை. பிறகு சொன்னார்:

"குழந்தையோட பாதுகாப்பக் கருதின்னு ஒண்ணு சேத்துக்க. அப்பத்தான் சீக்கிரம் குடுப்பாங்க."

சேர்த்துக்கொண்டேன். அவருக்கு நன்றி கூடச் சொன்னேன்.

நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். நான் நான்கு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ்ப்பள்ளி கோப்பெங்கைத் தாண்டி, முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. பெரிய சாலையை விட்டு இறங்கியதும் செம்மண் பாதை. பாதி வழியில் ஒரு மதகு, பாதையை விட ஒரு சாண் உயரமாக நிற்கும். என் சின்ன வெள்ளைக் கார், கல்யாணத்துக்கு முன்பே நானே வாங்கியது, நான்கு வருடமாக அந்த மதகின் மேல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. குழந்தை பிறக்கும் வரை ஒரு முறை கூட அடி தட்டியதில்லை. இதை நான் நினைவில் வைத்திருக்க வேண்டியவள். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு, எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் மறுபடி ஒரு முறை சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பால் புட்டியின் சூட்டை மூன்று தடவை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளிடம் நீ ஓட்டுவதுதான் சரியில்லை என்று சொன்னால், அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவின் வீட்டுத் தெருவில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பின் இருக்கையில் குழந்தை. மெதுவாகத்தான் ஏறினேன். அடியில் சர்ரென்று இழுத்தது. அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"வேகமா ஏத்தியிருப்ப," என்றார், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இல்லைங்க. பத்துல கூடப் போகல."

"உனக்குப் பத்துன்னு தோணும். தூக்கமே இல்லல்ல இப்ப."

தூக்கம் இல்லாதது உண்மைதான். அதனால் மற்றதும் உண்மையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சத்தம் வந்தது. ஸ்டேரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். இரும்பு இரும்பை விட்டு விலகி மறுபடி உட்காருவது போல. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டு வாசலில் காரை முன்னும் பின்னுமாகத் திருப்பிக் காட்டினேன். ணங்.

"கேக்குதா?"

"என்னது?"

"இப்ப ஒண்ணு கேட்டுச்சே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. இப்படியே சத்தம் கேக்குது சத்தம் கேக்குதுன்னு இருந்தா, உன்னைய தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டு போய் விடணும்லா."

தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் யாரையாவது கேலி செய்ய அந்த ஊர்ப்பெயர் போதும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கூடச் சொல்வார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவர் வேலைக்குப் போன பிறகு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகக் காரில் உட்கார்ந்து ஸ்டேரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். ணங். குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அதைக் கூட நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை எதற்கும்தானே திரும்பும் என்று நினைத்தேன்.

மாதம் போகப்போக மோசமானது. முதலில் மதகில் எப்போதாவது தட்டியது. ஜூன், ஜூலைக்குள் தினமும் தட்டியது. பயிற்சிப் புத்தகக் கட்டுகள் இருக்கும் நாளில் இன்னும் பலமாக. நான் நாளுக்கு நாள் மோசமான ஓட்டுநராகிக்கொண்டு வருகிறேன் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? மதகு வருவதற்கு முன்பே தோள் இறுகிவிடும். ஒரு நாள் காரை நிறுத்தி, இறங்கி, புத்தகங்களைக் கையால் சுமந்து மதகைத் தாண்டி வைத்துவிட்டு, திரும்பி வந்து வெறும் காரை ஏற்றினேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் ஒதுங்கி நின்று பார்த்தார். மரியாதைக்கு, ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பரில் அந்தக் கடிதத்தை எழுதினேன். ஈப்போவில் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளிக்கு மாற்றல். தலைமையாசிரியை கடிதத்தை வாங்கிக்கொண்டு, "நல்லா யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். எதையும் மூன்று தடவை சரிபார்க்கும் என்னைப் போய் யோசித்தீர்களா என்று கேட்டார்.

கடிதம் போய் மூன்று வாரத்தில் ஆயுத பூஜை. கணவர் காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு வழக்கம் போல ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, டயருக்கும் கார் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் செவ்வந்திச் சரத்தைச் செருகப் போனேன். கை போகவில்லை. விரல்களைத் தட்டையாக்கிப் பார்த்தேன். இரண்டு விரல் போனது. விரலில் இருந்த குங்குமம் டயரில் அப்பியது.

"அங்க செருகாத," என்றார் கணவர், குழாயை அவசரமாகச் சுற்றியபடி. "ஓட்டுறப்ப மாட்டிக்கும். முன்னாடி கட்டு, போதும்."

முன்னால் கட்டினேன். சாமி கும்பிட்டோம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாம் முடிந்து குழந்தையைத் தூங்க வைத்தபோது, போன வருடத்துப் படம் ஒன்று ஞாபகம் வந்தது. தேடி எடுத்தேன். எட்டு மாத வயிற்றோடு நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். படம் எடுத்தவர் அவர்தான். என் கை சரத்தோடு டயருக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. மூடிய கை. முழுக் கைப்பிடி.

அப்போதும் என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிள்ளை பெற்ற பிறகு கை பருத்திருக்குமோ? வளையல்களைப் போட்டுப் பார்த்தேன். முன்பு போலவே நுழைந்தன.

சனிக்கிழமை கணவருக்கு ஷிப்ட் வேலை. குழந்தையைப் பின் இருக்கையில் கட்டி, கோப்பெங்கில் நான் ஒரு முறை டயர் ஒட்டிய பெங்கேலுக்குப் போனேன். பெங்கேல் என்றால் சின்னப் பட்டறைதான். தகரக் கூரை, ஒரே ஒரு போர்மன். எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் போர்மன் என்றும் காரைக் காடி என்றும்தான் சொல்வோம்.

"அண்ணே, ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது."

"டீச்சரப் பாத்து சிரிப்பேனா? சொல்லுங்க."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்துக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு அளவு நாடாவை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் வைத்து, மேல் விளிம்பு வரை அளந்தார்.

"ஏண்ணே தரையிலேர்ந்து அளக்கல?"

"தரையிலேர்ந்து அளந்தா டயர்ல காத்து கம்மின்னாலும் கொறச்சுக் காட்டும். நடுவுலேர்ந்து பாத்தா அந்தப் பேச்சே இல்ல. முப்பத்தொண்ணு சென்டி. இந்தக் காடிக்கு முப்பத்தாறாவது இருக்கணும், டீச்சர். இது கம்பெனி ஸ்பிரிங் இல்ல. செவப்பா இருக்கு பாருங்க. கடையில வாங்கிப் போட்டது. காடிய எறக்குறதுக்குன்னே கட்டையா செய்யிறது."

குனிந்து பார்த்தேன். மண் அப்பிய இருட்டுக்குள் சிவப்பு. இத்தனை மாதமாக என் காலுக்கு இரண்டடி தூரத்தில் அந்தச் சிவப்பு இருந்திருக்கிறது.

"ரப்பரும் இல்லையே," என்றார் அவர் உள்ளே கையை விட்டுத் தடவியபடி. "ஸ்பிரிங் போய் உக்கார்ற எடத்துல மேல ஒரு ரப்பர், கீழ ஒரு ரப்பர் இருக்கும். மெத்த மாதிரி. அதையும் எடுத்துட்டாங்க. எடுத்தா இன்னும் கொஞ்சம் எறங்கும், பாக்க அழகா இருக்கும்னு. ஆனா இரும்புல இரும்பு உக்காரும். ஸ்டேரிங்க ஒடிச்சா சத்தம் குடுக்குமே, கேட்டதில்ல நீங்க?"

"கேட்டேன்," என்றேன்.

"புது ஸ்பிரிங் வேற, போட்ட கொஞ்ச மாசத்துக்கு உக்காந்துக்கிட்டே வரும். நாளுக்கு நாள் தட்டுறது ஜாஸ்தியாயிருக்குமே?"

அதற்கும் ஆமாம் என்றேன். நான் மோசமாகிக்கொண்டு வரவில்லை. ஸ்பிரிங் உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறது.

"யாரு போட்டது, டீச்சர்?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. மகள் பிறந்த நாற்பது நாளும் நான் ஹுத்தான் மெலிந்தாங்கில், அம்மா வீட்டில் இருந்தேன். கணவர் வாரக்கடைசிகளில் என் காரில் வருவார். என் தம்பி தெலுக் இந்தானில், கார் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் ஜாக் ஏற்றும் சத்தம், சாவிகள் சிமெண்டில் விழும் சத்தம், இரண்டு ஆண்களின் சிரிப்பு. அறைக்குள் படுத்திருந்த நான், "என்னம்மா செய்றாங்க?" என்று கேட்டேன். அம்மா என் காதில் பஞ்சு வைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை டயரு மாத்துறாரு. நீ பேசாமப் படு, காத்து அடிச்சிரும்" என்றாள்.

கோப்பெங்கிலிருந்து நேராக ஹுத்தான் மெலிந்தாங்குக்கு ஓட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். திறமை போதவில்லை என்று எழுத்தில் கொடுத்தவள், குழந்தையோடு, ஒரு இடத்திலும் நிற்காமல். பாதி வழியில்தான் இது எனக்கே உறைத்தது.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். குளியலறைக்குப் பக்கத்தில், நாற்பது நாள் எனக்கு வேப்பிலைத் தண்ணீர் காய வைத்த அடுப்புக்குப் பின்னால், ஒரு அரிசிச் சாக்கு. அந்தச் சாக்கின் மேல்தான் தினமும் என் துண்டைப் போட்டு வைப்பேன். அவிழ்த்தேன். நான்கு கறுப்பு ஸ்பிரிங். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ரப்பர் வளையங்கள்.

தம்பி பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், என்னையும் சாக்கையும் பார்த்து நின்றுவிட்டான்.

"அக்கா, மச்சான் சொல்லிட்டாரா?"

"இல்ல. நீ சொல்லு."

"மச்சான் ரொம்ப நாளா ஆசப்பட்டாருக்கா. எல்லாரும் எறக்கியிருக்காங்க, நம்ம காடி மட்டும் ஆடு மேய்க்கிற காடி மாதிரி நிக்குதுன்னு. ரப்பரயும் எடுத்துரு, இன்னும் ஒரு வெரக்கட எறங்கட்டும்னாரு. சத்தம் வரும் மச்சான்னு சொன்னேன். சாமி சத்தியமா சொன்னேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றாள் அம்மா. "நீ பச்ச ஒடம்புக்காரி. ஒன்னோட காடியத் தொட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா கோவப்படுவ, பால் கட்டிக்கும். பச்ச ஒடம்புக்காரிகிட்ட எதையும் போட்டு ஒடைக்கக் கூடாது. தெரியாதா ஒனக்கு?"

தெரியும். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவளிடம் நாற்பது நாள் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். நான் பிறந்தபோது சித்தப்பா இறந்ததையே அம்மாவிடம் மறைத்திருக்கிறார்கள். அதை அவள் பெருமையாகத்தான் சொல்வாள்.

"நாப்பது நாள் முடிஞ்சு எத்தன மாசமாச்சும்மா?"

அம்மா பைக்குள்ளிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தாள். இருபது வருடம் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவள். கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல ரப்பராத்தான்டா இருக்கு," என்றாள் தம்பியிடம். "இதப் போயி ஏன்டா கழட்டுனீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையானதும் அம்மா குழந்தையை என் மடியில் வைத்தாள், அதுதான் மருந்து என்பது போல. தம்பி சாக்கைக் காரில் ஏற்றினான். "நானே மாத்தித் தாரேன்க்கா, ஒரு மணி நேர வேலதான்" என்றான். வேண்டாம் என்றேன். அவன் முகம் விழுந்தது. விழட்டும் என்று நினைத்தேன். பெரிய சாலைக்கு வந்ததும் அதற்காக வருத்தப்பட்டேன்.

கணவர் வேலை முடிந்து வந்தபோது சாக்கு வரவேற்பறையில் இருந்தது. அவர் காலணியைக் கழற்றாமல் நின்றார். நான் கேட்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒன்றுதான் வாயில் வந்தது.

"அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

அவர் குனிந்து ஒரு காலணியைக் கழற்றினார். "கேட்டுச்சு," என்றார்.

"தஞ்சோங் ரம்புத்தான்னீங்க."

"அது சும்மா… வெளையாட்டுக்குச் சொன்னதுமா. மொத நாள் தட்டுச்சுன்னு நீ சொன்னப்பவே சொல்லியிருக்கணும். வாயில பொசுக்குனு வேகமா ஏத்தியிருப்பன்னு வந்துருச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னு நெனப்பேன். நீயும் சண்ட போடல. நாந்தான் சரியா ஓட்டலன்னு நீயே சொல்லிக்கிட்டு இருந்த."

"நானே சொன்னேன்."

"ஆமா."

"கடுதாசியிலயும் நானே எழுதினேன். நீங்க ஒரு வரி சேத்தீங்க."

மண்டியிட்டுச் சாக்கின் வாயைக் கட்ட ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்னை விட அதிகமாகப் பயப்படுகிறவர். அதனால்தான் எனக்கு இது விளங்கவில்லை. அதே குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் தினமும் நடுங்கியதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் கோப்பெங் அண்ணன் பழைய ஸ்பிரிங்கையும் ரப்பரையும் பூட்டினார். கணவரும் கூட வந்தார், நான் வரச் சொன்னதால். நாடாவை நானே பிடித்து அளந்தேன். முப்பத்தாறு. அண்ணன் சிவப்பு ஸ்பிரிங்குகளை நீட்டி, "இது வேணுமா?" என்று பொதுவாகக் கேட்டார். நான் நாடாவைச் சுருட்டினேன். அவரே அவற்றை ஒரு மூலையில் போட்டார். திரும்பும்போது நான் ஓட்டினேன். வாசலில் ஸ்டேரிங்கை முழுவதும் ஒடித்தேன்.

"கேக்குதா?" என்றேன்.

"இல்ல," என்றார், மெதுவாக. நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கவில்லைதான். ஆனால் அவர் 'இல்ல' என்று சொல்வதை வைத்து எதையும் நம்ப இனி எனக்கு வராது என்று அப்போது தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் போய், கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம். என் மாற்றல் கிடைத்துவிட்டது. எனக்குப் பதிலாக வருகிற ஆசிரியைக்கும் உத்தரவு போய்விட்டது. "குழந்தையோட பாதுகாப்புன்னு எழுதியிருந்தீங்கல்ல, அதான் ஒடனே பாத்திருக்காங்க" என்றார், நல்ல சேதி சொல்லும் குரலில். நான் மறுபடி எழுதிக் கேட்டேன். இருவருக்கும் உத்தரவு கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

வருடக் கடைசியில் வகுப்பு ஏடுகளை ஒப்படைக்கப் போனேன். மதகுக்கு முன்னால் பழக்கத்தில் தோள் இறுகியது. கார் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். பள்ளித் திடலோரம் நிறுத்தி இறங்கினேன். என் வகுப்புச் சிறுமிகள் சிலர் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு என் காருக்கு அடியில் போய் மறுபக்கம் வெளியே வந்தது. ஒருத்தி ஓடிப்போய் எடுத்துக்கொண்டு, காரைக் குனிந்து பார்த்தாள்.

"டீச்சர், உங்க காடி மறுபடி ஒசந்துருச்சா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னெல்லாம் பந்து இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வந்துரும் டீச்சர். பாப்பா பொறந்து நீங்க திரும்பி வந்தீங்கல்ல, அப்பலேர்ந்து உள்ளயே மாட்டிக்கும். நாங்க குச்சி வச்சுத்தான் தள்ளுவோம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று முகம் மாறியது.

"உங்க காடிதான டீச்சர்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

ஏடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன். பின்னால் அவர்கள் வேண்டுமென்றே பந்தைக் காருக்கு அடியில் உருட்டி, அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.